சீல் வைத்த பெட்டிக்குள் கொழுந்து

அத்தியாயம் 6

"மிஸ், எம்புள்ள துரோகி இல்ல."

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சனிக்கிழமை காலை எட்டு மணி. கீழே பேக்கரியில் இரண்டாவது அடுப்புப் பாண் வெந்துகொண்டிருந்தது.

பேக்கரிக்கு மேல் மாடியில்தான் கேதீஸ்வரியின் துப்பறியும் அலுவலகம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, "மூன்று மொழியில் பொய் கேட்டு அலுத்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தவள். சேலை கட்டிய யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் ஹட்டனில் டீச்சர்தான். அதனால் ஊர் அவளையும் 'மிஸ்' என்றே கூப்பிட்டது. திருத்திப் பார்த்துக் களைத்து விட்டுவிட்டாள்.

"உக்காருங்கக்கா," என்று நாற்காலியைத் தள்ளினான் அழகன். அவளுடைய உதவியாளன். சொந்த ஓட்டோ வைத்திருக்கிறான், கேட்காதபோதும் பேசுவான். "துரோகி எல்லாம் நேரா வக்கீல்கிட்டதான் போவான். இங்க வந்தீங்கன்னா நல்லவங்கதான்."

வந்தவள் பெயர் வீரம்மா. லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். இன்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். மகள் சுதர்ஷினிக்கு இருபது வயது. பத்தாம் வகுப்போடு நின்றவள். ஹட்டனில் கணேசமூர்த்தியின் கம்ப்யூட்டர் கடையில் வேலை.

"நேத்து போட்டியில கார்ட் கருகிப்போச்சாம். எதிர்க் கடைக்காரங்கிட்ட கைநீட்டி வாங்கிக்கிட்டு எம்புள்ளதான் கருக்கிட்டாளாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஒத்துக்கலேன்னா பொலிஸ்ல எழுதிக் குடுப்பேன்னு மொதலாளி சொல்றாரு. பொலிஸ் பொஸ்தகத்துல பேரு ஏறிட்டா அப்புறம் அந்தப் பேர வெச்சு என்ன மிஸ் செய்யிறது?"

"மகள் என்ன சொல்லுறா?"

"வாயே தொறக்க மாட்டேங்கிறா. லயத்துல செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா."

மடியிலிருந்து ஒரு தேயிலைத் தூள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள் வீரம்மா. தூளின் மேல் காய்ந்த கொழுந்து ஒன்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய், மஞ்சள் தடவிப் படுத்திருந்தது.

"இது என்னத்துக்கு?" என்றாள் கேதீஸ்வரி.

"பொலி மிஸ். மொதக் கொத்துக் கொழுந்தக் கூடையில போடுறப்ப 'பொலி, பொலி'ன்னு சொல்லித்தானே போடுவோம். எந்தக் காரியமும் பெருகணும்ல?"

"எங்கம்மா வாயால சொல்றதோட சரி. மஞ்சளெல்லாம் பூசாது," என்றான் அழகன்.

"இது என் பழக்கம் தம்பி. அடுப்புக்கு வெறகு அடுக்கினாலும் வெப்பேன். ரெண்டு மூணு ஞாயிறா புள்ளக்காம்பராவுல பொட்டி மடிச்சு சாமான் அடைக்கிற வேலை. ரேடியோ சாமானாம். அதுக்கும் வெப்பேன்."

கேதீஸ்வரி பொட்டலத்தை மடித்து இழுப்பறையில் வைத்தாள்.

"நாலு மணிக்கு முன்னம் வாறன். நீங்கள் வீட்ட போங்கோ."

"இல்ல மிஸ். இந்தப் படியிலயே இருக்கேன்."

*

2005ஆம் வருடம் ஹட்டனில் இரண்டு கட்சிகள் இருந்தன. தேர்தலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கணேசமூர்த்தியின் கடை 'டால்வா' கம்பெனிக்கு ஏஜென்ட். மஞ்சள் பெட்டி. தெருவுக்கு அந்தப் பக்கம் றமணனின் கடை. 'ஒப்ரிக்ஸ்' கம்பெனி. நீலப் பெட்டி. எங்கோ தூர தேசத்தில் இருக்கும் இந்த இரண்டு கம்பெனிகளும் செய்வது ஒரே சாமான்தான். விஜிஏ கார்ட். கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் படமும் கேமும் விக்காமல் ஓடும். உலகத்திலேயே வேகமானது எங்களுடையது என்று மஞ்சள் சொல்லும். அடுத்த மாதமே நீலம் அதைவிட வேகமாக ஒன்றை இறக்கும். வீட்டில் கரண்ட் இல்லாத பையன்கள்கூட மஞ்சளா நீலமா என்று பஸ் நிலையத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு கலர் காட்டினாப் போதும் மிஸ்," என்றான் அழகன், படியிறங்கும்போது. "சண்டைய நாங்களே பாத்துக்குவோம். தோட்டத் தொழிற்சங்கத்துலயே அப்படித்தானே வளந்தோம்."

இப்போது சண்டைக்கு ஒரு பரிசும் வந்திருந்தது. மூன்று தோட்டப் பாடசாலைகளுக்குக் கம்ப்யூட்டர் அறை கட்டிக் கொடுக்க ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் முன்வந்தது. எந்தக் கார்ட் நல்லது என்று ஊர் முன்னால் ஓட்டிப் பார்த்து, ஜெயிக்கிற கடையிடமே வாங்கும் ஓடர். கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் நடுவராக வந்தார்.

"நீர் போனனீர்தானே? கண்டதைச் சொல்லும்."

"மேசையில மைக் வெச்சிருந்தாங்க மிஸ். மொதல்ல நீலம். றமணன் கடை ஆளு பெட்டியப் பிரிச்சுக் கார்ட அழுத்தினான். ஸ்பீக்கர்ல 'டக்'குன்னு கேட்டுச்சு. அதுக்கே கைதட்டல்! கார்ட் நல்லா ஓடிச்சு. ஆனா இஞ்சினியருக்கு என்னமோ சந்தேகம். 'கடைக்காரர் கையில குடுக்கிற பெட்டி வேணாம். மஞ்சளுக்கு நானே எடுக்கிறேன், அப்புறம் நீலத்துக்கும் நானே எடுத்து மறுபடி பாக்குறேன்'னு சொல்லி, அடுக்குக்கு நடுவுலருந்து ஒண்ண உருவினாரு. கணேசமூர்த்தி மொதலாளி மொகத்தத் தொடச்சாரு பாருங்க, ஹட்டன் குளிர்ல!"

"பிறகு?"

"அந்தப் புள்ள பெட்டியப் பிரிச்சுச்சு. குனிஞ்சு கொஞ்ச நேரம் பாத்துச்சு. கார்ட வெச்சுச்சு. சுவிட்ச் போட்டாங்க. பொகை. கூட்டம் கலைஞ்சிருச்சு, நீலத்த மறுபடி பாக்கவே இல்ல. நீலம் ஜெயிச்சிருச்சுன்னு கத்திக்கிட்டே போனானுங்க."

"இரண்டாவது 'டக்' கேட்டதோ?"

அழகன் தலையைச் சொறிந்தான். "நான் முறுக்கு தின்னுக்கிட்டிருந்தேன் மிஸ். என் வாய்க்குள்ளதான் டக்கு டக்குன்னு கேட்டுச்சு. ஆனா ரெண்டாவது தடவ யாரும் கைதட்டல."

*

கணேசமூர்த்தி சாட்சிப் பொருள் போல அந்த மஞ்சள் பெட்டியை எடுத்து வைத்தார்.

"சீல் வெச்ச பெட்டி. தைவான்லருந்து இப்பதான் வந்த சரக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. இருநூறு கார்ட் மாட்டின கை மிஸ் அது, தவறுமா? வாங்கிட்டா. அவ்வளவுதான்."

"நேற்று ஏன் உங்களுக்கு வேர்த்தது?"

"கூட்டம். புழுக்கம்."

கேதீஸ்வரி பெட்டிக்குள் இருந்த வெள்ளை ஸ்பொஞ்சைத் தூக்கினாள். அடியில் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பொஞ்சின் அடிப்பக்கத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் அச்சுப் படிந்திருந்தது. இரண்டு இலை. நடுவில் ஒரு மொட்டு.

அவள் ஸ்பொஞ்சைத் திரும்ப வைத்து மூடினாள்.

"நாலு மணிக்கு வாறன். அதுவரைக்கும் பேனாவைத் தொடாதேங்கோ."

தெருவைக் கடக்கும்போது அழகன் கிசுகிசுத்தான். "அச்சு இருக்கு, கொழுந்த யாரு எடுத்தது மிஸ்?"

"பெட்டியைத் திறந்த ஆள் ஒராள்தானே?"

*

றமணன் கடையில் அழகன் டுபாய் மச்சான் ஒருவனை அந்த நிமிடத்தில் பெற்றெடுத்தான்.

"மச்சான் பத்து எடுக்கச் சொல்லியிருக்கான் மொதலாளி. ஆனா எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும். போன தடவ வாங்கின ரைஸ் குக்கர்ல மூடி இல்ல."

"சீல் உடைச்சா நான் என்னெண்டு விக்கிறது?" என்றார் றமணன்.

"அதான் பத்தையும் நாங்களே எடுக்கிறோமே."

பத்து என்ற சொல் சீலைவிடப் பலமானது. புதுச் சரக்கில் ஒரு பெரிய பெட்டியை அப்படியே இறக்கினார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கார்ட், ஸ்பொஞ்சு, கார்ட், ஸ்பொஞ்சு. அழகன் கொட்டாவி விட்டான். கடைசிப் பெட்டி, அதாவது அடுக்கும்போது முதலில் வைத்த பெட்டி. ஸ்பொஞ்சுக்கு அடியில் அது இருந்தது. காய்ந்த கொழுந்து. மஞ்சள் தடவியது.

றமணன் முந்திக்கொண்டார். "தைவானிலயும் தேயிலை இருக்குத்தானே அக்கா. தவறி விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும் மொதலாளி," என்றான் அழகன். "ஆனா மஞ்சள் பூசிப் பொலி வெக்கிற தைவான்காரன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

றமணனின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. அந்த ஒரு பெட்டியை மட்டும் வாங்கி, கார்டின் நம்பரோடு ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள் கேதீஸ்வரி.

"உம்மட வாய்க்குத்தான் முதலில ஒரு சீல் வைக்கோணும். நாங்கள் எதைக் கண்டனாங்கள் எண்டு அந்தாளுக்குச் சொல்லியாச்சு."

அழகன் சிரித்தான். ஓட்டோவின் அருகே போனதும் சிரிப்பு நின்றது.

"மிஸ்... காலையில நம்ம மேசையில..."

"ஓம்."

"மஞ்சள் பெட்டியிலயும் அது. நீலப் பெட்டியிலயும் அது. அப்ப ரெண்டும் ஒரே எடத்துல..."

"ஒரே இடத்தில. ஒரே கையால."

"ரேடியோ சாமான்னுச்சே அந்த அக்கா."

"அவ பொய் சொல்லேல்லை. அவவுக்குச் சொன்னவங்கள் சொன்ன பொய் அது. ஓட்டோவை எடும்."

பேக்கரிப் படியைத் தாண்டும்போது வீரம்மா எழுந்து கும்பிட்டாள். அழகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஹோர்ன் அடித்தான்.

*

லிந்துலை வரைக்கும் மழை. அதற்கு மேலே தோட்டத்து ரோட்டில் ஓட்டோ மாடு போல நின்று நின்று ஏறியது. லயத்துக்குப் போகும் வழியில் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டிடம். யன்னல் வழியே பார்த்தார்கள். ஒரு மூலையில் குழந்தைகளைத் தூங்கவைக்கும் ஏணைகள். மறுமூலையில் மடிக்காத அட்டைகள், இரண்டு கட்டு. ஒன்று மஞ்சள், மற்றது நீலம்.

"உலகப் போட்டி மிஸ்," என்றான் அழகன். "ரெண்டு கம்பெனியும் மூத்திரத் துணிக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்திருக்கு."

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட லயத்தின் கடைசிக் காம்பராவில் சுதர்ஷினி கதவைத் திறந்தாள். மெலிந்த பெண். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. சுவரில் சாமிப் படங்களின் வரிசையில், அவற்றுக்குச் சமமாக, ஒரு பழைய மதர்போர்டு ஆணியில் மாட்டியிருந்தது. செத்துப்போன கம்ப்யூட்டரின் பலகை. அதில்தான் அவள் தானாகவே வேலை பழகினாள்.

"அம்மா எங்க மிஸ்?"

"எங்கட படியில. நீர் குற்றம் செய்யேல்லை எண்டு நான் சொல்லுமட்டும் எழும்பமாட்டாவாம்."

சுதர்ஷினி தலையைக் குனிந்தாள். கேதீஸ்வரி நீலப் பெட்டியிலிருந்த கார்டை நீட்டினாள்.

"இதை அந்தப் பலகையில மாட்டும் பிள்ளை."

"எதுக்கு மிஸ்?"

"மாட்டும்."

அவள் பலகையை இறக்கி மடியில் வைத்தாள். கண் கேதீஸ்வரியின் முகத்தில் இருந்தது. கை தானாகப் போனது. கட்டைவிரல் இரண்டும் அழுத்தின. டக்.

"நேற்று மைக்கிலே இந்தச் சத்தம் வரேல்லை," என்றாள் கேதீஸ்வரி. "இருநூறு கார்ட் மாட்டின கை. பாக்காமலே மாட்டுற கை. பாதி அழுத்தி விட்டா சுவிட்ச் போட்டதும் என்ன நடக்கும் எண்டு அந்தக் கைக்குத் தெரியாதோ?"

அழகன் திகைத்து நிமிர்ந்தான். "மிஸ், நாம இந்தப் புள்ளயக் காப்பாத்த வந்திருக்கோம்!"

சுதர்ஷினி எழுந்து போய்ப் பொட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு கொழுந்து.

"நாந்தான் கருக்கினேன் மிஸ்."

வெளியே யாரோ குழாயடியில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்பொஞ்சைத் தூக்கினேன். இது இருந்துச்சு. முந்நூறு பேருக்கு முன்னால எங்கம்மா கையே வந்து கெடந்த மாதிரி இருந்துச்சு. அப்பதான் புரிஞ்சுச்சு, இந்தச் சரக்கு தைவான்லருந்து வரல, நம்ம புள்ளக்காம்பராவுலருந்து வருதுன்னு. எங்கயோ ஆபிஸ்ல கழட்டிப்போட்ட பழைய கார்ட். போட்டியில குடுக்கத் தனியா வெச்சிருந்தது மட்டும்தான் புதுசு. மேல ஸ்டிக்கர் ஒட்டலாம். இஞ்சினியர் கொண்டுவந்த டிஸ்க்கப் போட்டா கார்டோட உண்மையான பேரும் வயசும் ஸ்கிரீன்ல வந்துரும்."

"வந்திருந்தால் கள்ளர் பிடிபட்டிருப்பினம்."

"யாரு மிஸ்?" அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "மொதலாளிங்க ரெண்டு பேரும் இங்க காலே வெச்சதில்ல. லொறி வரும். வாச்சர் சாவி தருவாரு. மடிக்கிறது பன்னெண்டு பொம்பளைங்க. அதுல பாதிப் பேருக்கு அடையாள அட்டையே இல்ல. பொலிஸ் வந்தா கடைக்கா போகும்? இங்க வரும். சிங்களத்துல கேப்பாங்க. எங்கம்மா எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு ஜீப்புல ஏறிக்கும்."

அந்த மாதிரித் தலையாட்டல்களை நீதிமன்றத்தில் கேதீஸ்வரி எத்தனையோ முறை 'ஒப்புக்கொள்கிறார்' என்று மொழிபெயர்த்திருக்கிறாள். அவள் பொட்டு டப்பாவிலிருந்த கொழுந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீர் அவங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் காப்பாத்தினனீர். தெரியுமோ?"

"தெரியும் மிஸ். காப்பாத்தினதுக்குத்தான் பொலிஸுக்குப் போறாரு. பெட்டிய யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னா ஒரு ஆள் வேணும்ல? நான் இருந்துட்டுப் போறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

கேதீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். "சேலையை மாத்தும். நாலு மணிக்கு நீரும் வாரும்."

*

கணேசமூர்த்தியின் கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. மூவரும் குனிந்து நுழைந்தார்கள். உள்ளே மேசையின் ஒரு பக்கம் கணேசமூர்த்தி. மறுபக்கம் றமணன். நடுவில் ஒரே தட்டில் பருப்பு வடை.

"ஐயோ, கடும் போட்டி போலிருக்கு," என்றான் அழகன். "யாரு அதிகம் தின்னதுன்னு இஞ்சினியரக் கூப்பிடவா?"

மேசையில் கேதீஸ்வரி இரண்டு கொழுந்துகளையும் வைத்தாள்.

கணேசமூர்த்தி சாய்ந்துகொண்டார். "பொலிஸுக்குப் போங்க மிஸ். அந்தப் பெட்டிங்கள்ல எங்க கை பட்டதே இல்ல. பட்ட கை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்."

லயத்தில் சுதர்ஷினி சொன்ன அதே கணக்கு.

"பெட்டியில உங்கட கை இல்லை, ஓம். ரசீதில உங்கட கூட்டாளியின்ர கை இருக்கு." கேதீஸ்வரி றமணன் எழுதிக் கொடுத்த தாளை விரித்தாள். "புதுக் கார்ட் எண்டு எழுதி, நம்பரும் போட்டு, கையெழுத்து வைச்சிருக்கிறார். இதையும் கார்டையும் நான் இஞ்சினியரிட்டக் குடுத்தால் அவர் டிஸ்க்கைப் போடுவார். பெட்டியை அவருக்குக் காட்டத் தேவையில்லை. லயத்தின்ர பேரே வராது."

றமணன் வடையைக் கீழே வைத்தார்.

"என்ன வேணும் அக்கா?"

"பொலிஸுக்குப் போகக்கூடாது. பாடசாலை ஓடரிலயிருந்து இரண்டு பேரும் விலகோணும். அந்தச் சரக்கு ஒரு பிள்ளைக்கும் போகக்கூடாது. இனி அந்தத் தோட்டத்துக்கு லொறி வரக்கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருடம் சேர்ந்து தொழில் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்கிற பார்வை.

"சரி," என்றார் கணேசமூர்த்தி. "ஆனா மேடையில கார்ட் கருகினத ஊரே பாத்துச்சு. ஏன்னு கேப்பான். சரக்குல பழுதுன்னு நான் சொல்ல முடியாது. இந்தப் புள்ள எழுதிக் குடுக்கட்டும். இந்த வேலை தனக்குத் தெரியாது, தெரியாமத் தொட்டுட்டேன்னு. கடை வாசல்ல ஒட்டுவேன்."

"அது நடக்காது," என்றாள் கேதீஸ்வரி. "இந்த ஊரிலயே—"

சுதர்ஷினி பேனாவை எடுத்துவிட்டாள்.

குனிந்து எழுதினாள். 'எனக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது.' ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்தது போல நின்றது. கீழே பெயரை முழுதாக எழுதினாள். அழகன் ஏதாவது சொல்வான் என்று கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவன் கதவின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

பேக்கரிப் படியில் வீரம்மா அதே இடத்தில் இருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த பணிஸ் மடியில் கடிபடாமல் இருந்தது.

"பேரு என்னாச்சு மிஸ்?"

"பொலிஸுக்குப் போகேல்லை வீரம்மா. முடிஞ்சுது."

வீரம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். தடவிய விரல்களின் ஓரத்தில் கொழுந்துக் கறை, நகக்கண்ணில் மஞ்சள்.

"வேலை?"

"அத விட்டுட்டேன்மா. வேற பாக்கலாம்." சுதர்ஷினி செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொட்டி மடிக்கிற வேலையும் இனி இல்லியாம். லொறி வராதாம்."

"ஏன்டி? மொதப் பொட்டிக்கெல்லாம் நாந்தானே வெச்சேன்." வீரம்மா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெருகணும்னுதான் வெச்சேன். ஒன் வேலையும் போச்சு, அதுவும் போச்சு. என் கை ராசியில்லாத கை போலிருக்கு மிஸ்."

லிந்துலை பஸ் ஹோர்ன் அடித்தது. சுதர்ஷினி கேதீஸ்வரியைப் பார்த்தாள், வேண்டாம் என்று.

மூன்று மொழியில் பொய் கேட்டவள் அன்று தன் சொந்த மொழியில் ஒன்று சொன்னாள்.

"லொறிதான் பழுதாம், வீரம்மா. உங்கட கையில ஒரு பிழையும் இல்லை."